முகத்துவார மணல்

நல்லம்மன்திட்டு,
கிள்ளை வழி, சிதம்பரம்.
18.9.2005

அன்புள்ள அக்காவுக்கு,

செம்பியன். இங்கே வந்து எட்டு நாளாகிறது. தோள்பட்டைதான் கழன்றுவிடும்போல் வலிக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மாமா பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா?

கடலூரிலிருந்து வேனில் கிளம்பிய பத்தொன்பது பேரில் இரண்டு பேர் மூன்றாம் நாளே ஊர் திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொள்கிறோம். எங்களைக் கூட்டிவந்த ஆரோக்கியம்மாள் ரிட்டயரான கணக்கு டீச்சர். இங்கேயும் விசில் ஊதித்தான் எழுப்புகிறார்.

சுனாமி இந்தக் குப்பத்தில் ஒரு வீட்டையும் விடவில்லை. ஒன்பது மாதமாக எல்லாரும் தார் ஷீட் கொட்டகையில் இருக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது, அப்படிக் காந்துகிறது. முதலில் பன்னிரண்டு வீடு கட்டுகிறோம். ஒரு அறை, சமையலறை, கக்கூஸ், மேலே கான்கிரீட் தளம். கொத்தனார் மட்டும் வெளியாட்கள். கல் சுமப்பது, கலவை போடுவதெல்லாம் நாங்களும் வீடு கிடைக்கப்போகிறவர்களும்தான்.

அதில் தங்கம்மாள் என்று ஒரு அக்கா. உன் வயதுதான் இருக்கும். படகை இழுத்துக் கட்டப் போன கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. அமிர்தம் என்று ஒன்பது வயதுப் பெண் இருக்கிறாள். குலுக்கலில் ஒன்பதாம் எண் வீடு வந்தது. தன் முறை வரும்வரை மற்ற வீடுகளுக்குக் கலவைச் சட்டி சுமக்கிறார். நான் கொத்துக்கரண்டி பிடிக்கிற அழகைப் பார்த்து முதல் நாளே சிரித்தார்.

சிவில் டிப்ளமா முடித்து இரண்டு வருஷம் உங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்போதுதான் படித்தது என் கைக்கு வந்திருக்கிறது. மாமாவிடம் சொல். எல்லா வீட்டுக்கும் மணல் நானே தருகிறேன் என்று அவர் கூட்டத்தில் எழுந்து சொன்னதை இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். பெண்ணையாற்று மணல் முதல் லோடு வந்து இறங்கியபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

உன் தம்பி,
செம்பியன்


செம்மண்டலம், கடலூர்.
2.10.2005

செல்லத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சுகம். மாத்திரையை நான் எடுத்து வைக்கிறேன், அவர் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போகிறார். போதுமா?

உன் கடிதத்தை நம் மணல் யார்டுக்கு ஜல்லி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் படித்துக் காட்டுகிறார். "நம்ம புள்ள கட்ற வூட்டுக்கு நம்ம மணலுதான்" என்று ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லிவிடுகிறார். அப்பா செத்தபோது நீ ஏழாவது படித்தாய். அன்றிலிருந்து உன்னைப் பற்றி அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. உன்னைத் திட்டிய நாட்களில்கூட இரவு, நீ சாப்பிட்டாயா என்று என்னிடம் கேட்காமல் படுத்ததில்லை. அது உனக்குத் தெரியாது.

டிரைவர் கலியமூர்த்தியிடம் எலுமிச்சை ஊறுகாயும் இரண்டு கைலியும் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு அவசியம் வா. தங்கம்மாளின் பெண்ணுக்கு என்ன அளவு சட்டை என்று கேட்டு எழுது.

ஆசையுடன்,
அக்கா வெண்மதி


நல்லம்மன்திட்டு,
12.11.2005

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகமா? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தீபாவளிக்கு வர வேண்டாம், ரோடெல்லாம் தண்ணீர் என்று கலியமூர்த்தியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பியிருந்தாய். அமிர்தத்தின் சட்டையும் அவரிடமே வந்தது, அளவு சரியாக இருந்தது. கிள்ளை பூத்திலிருந்து நான்கு முறை போன் செய்தேன். மணியே அடிக்கவில்லை.

ஐந்து வீடு தளம் போட்டு முடித்துவிட்டோம். மீதி ஏழுக்கு அஸ்திவாரம் முடிந்து நிற்கிறது. மணல் வந்து பதினோரு நாளாகிறது. கொத்தனார்கள் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். தங்கம்மாள் அக்கா அமிர்தத்தைப் பெஞ்சின் மேல் படுக்க வைத்துவிட்டு, தான் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். "ஒங்க மாமா மணலு எப்ப வரும் தம்பி?" என்று எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். ஆறு பெருகியிருப்பது தெரியும். ஆனால் மாமா சொன்ன சொல்லை விட்டவரில்லை. எப்படியாவது அனுப்பச் சொல், அக்கா. என் முகத்தைக் காப்பாற்றச் சொல்.

மாமா இரண்டு வரி எழுதக்கூடாதா?

செம்பியன்


செம்மண்டலம்,
30.11.2005

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? மழையில் நனையாதே. இங்கே போன் கெட்டுக் கிடக்கிறது. மாமாவுக்கு அலைச்சல், வேலையாகப் பாண்டிச்சேரிக்கும் இங்குமாக இருக்கிறார், அதனால் நான் எழுதுகிறேன். யார்டை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து மணல் வரும். ஏழு வீட்டுக்கும் தட்டுப்பாடில்லாமல் வரும் என்று மாமா சொல்லச் சொன்னார். நீ கவலைப்படாமல் வேலையைப் பார். பொங்கலுக்கு முன்னால் தளம் போட்டுவிடப் பாருங்கள். நீ பாதியில் விட்டு வரக்கூடாது, அதுதான் அவருக்கு முக்கியம்.

அக்கா


நல்லம்மன்திட்டு,
8.1.2006

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் உன் கையெழுத்து சரிந்து சரிந்து போயிருந்தது.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி ஊரே கரையில் நின்று பால் ஊற்றியது. தங்கம்மாள் அக்கா மட்டும் வரவில்லை. தன் வீட்டுத் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏழு வீட்டுக்கும் தளம் போட்டாயிற்று. பொங்கலுக்கு அங்கேயே பானை வைக்கலாம் என்று இருந்தோம்.

போன புதன்கிழமை உட்சுவர் பூச்சு காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. சுண்ணாம்பாக இருக்கும் என்றேன். தங்கம்மாள் அக்கா வெளியே போய், குவியலிலிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இது ஆத்து மணல் இல்ல. பொறந்ததுலேருந்து இந்த உப்ப நான் தின்னுக்கிட்டுருக்கேன்."

மணலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பாலிடெக்னிக் லேபுக்குப் போனேன். மணல் ஊறிய தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டதும் பால்போல் திரண்டுவிட்டது. உப்பு கான்கிரீட்டில் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி துரு ஏறி உப்பும். ஐந்து வருஷமோ பத்து வருஷமோ, ஒரு நாள் தளம் பிளந்து கீழே விழும். கீழே ஆள் படுத்திருப்பார்கள்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தங்கம்மாள் அக்காவிடம், சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பிப்ரவரியில் சாவி கொடுக்கும் விழா. அதற்குள் மாமாவிடம் கேட்டு எழுது. டிசம்பரில் வந்த லோடெல்லாம் எங்கே அள்ளியது? யாரோ அவரை ஏமாற்றியிருக்க வேண்டும்.

செம்பியன்


செம்மண்டலம்,
17.1.2006

தம்பிக்கு,

பொங்கல் நல்லபடியாக நடந்தது. மஞ்சள் கொத்து இந்த வருஷம் நன்றாக இருந்தது. அண்ணாகிராமத்திலிருந்து பெரியம்மா பலாப்பிஞ்சு கொடுத்துவிட்டார். யார்டில் கூரை ஒழுகுகிறது, மாற்ற வேண்டும். நீ இளைத்துவிட்டாய் என்று கலியமூர்த்தி சொன்னார். வேளைக்குச் சாப்பிடு.

மணலைப் பற்றி மாமாவிடம் கேட்கிறேன். அவர் கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும்.

உடனே ஒன்றும் ஆகிவிடாது அல்லவா? பத்து வருஷம் என்றுதானே சொன்னாய்? பூச்சு மட்டும் மாற்றினால் போதாதா? படித்தவன், நீ யோசித்துச் சொல். அதற்குள் டீச்சரிடம் சொல்லிவிடாதே.

அக்கா


நல்லம்மன்திட்டு,
21.1.2006

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுத இன்று மனம் வரவில்லை.

நேற்று ஜல்லி இறக்க வந்த கலியமூர்த்தியை வண்டியை விட்டு இறக்கிக் கேட்டேன். வெள்ளாற்று முகத்துவாரத்தில் அள்ளியது என்று சொல்லிவிட்டார். "மாமாதான் அள்ளச் சொன்னாரா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "என்னைய ஒண்ணும் கேக்காத செம்பியா, நான் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார்.

முப்பது வருஷமாக மணல் அடிக்கிறவருக்கு உப்பு மணல் தெரியாதா? கூட்டத்தில் எழுந்து சொல்லத் தெரிந்த மனுஷருக்கு, முடியவில்லை என்று சொல்லத் தெரியவில்லையா? நான்கு மாதமாக எனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது. அவர் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை. இந்தக் கடிதத்தை அவரிடமே படித்துக் காட்டு.

செம்பியன்


செம்மண்டலம்,
9.2.2006

என் தம்பி செம்பியனுக்கு,

இரண்டு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். இன்றைக்கு எழுதி முடித்ததும் நானே தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு மாமா யார்டில் விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தோம். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். உனக்கு எழுதாததற்கு அதுதான் காரணம், அவரால் முடியாது. போன் கெடவில்லை. ஒயரை நான்தான் பிடுங்கி வைத்தேன்.

உன்னிடம் சொல்லியிருந்தால் அன்றே ஓடி வந்திருப்பாய். வந்தால் திரும்பிப் போயிருக்க மாட்டாய். இரண்டு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போதுதான் மனுஷனாகக் கடிதம் எழுதுகிறாய், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. மணல் எப்போது வரும் என்று நீ எழுதிய கடிதம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. ஆற்றில் வெள்ளம், எந்தத் துறையிலும் அள்ளவில்லை. மணல் நின்றால் நீ கிளம்பி வந்துவிடுவாய் என்று பயந்தேன். முகத்துவாரத்தில் அள்ளலாம் என்று சொன்னது நான். கலியமூர்த்தி அண்ணன் சொல்லத்தான் சொன்னார், "இது உப்பு மணலும்மா, கட்டடத்துக்கு ஆவாது" என்று. "நாலு தண்ணியில அலசுனா போயிடும், கொண்டு போங்க" என்றேன். யார் அலசுவது என்றுகூட நான் கேட்கவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கினேன்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதப் பார்த்தேன். அதுதான் கிழித்த கடிதங்கள். எனக்குத் தெரியும், தம்பி. ஆனால் அந்த வீட்டில் ஒரு பெண் தன் பிள்ளையோடு படுத்திருப்பாள் என்று அப்போது என் கண்ணில் படவில்லை. நீ ஒருவன்தான் கண்ணில் இருந்தாய்.

உன் போன கடிதத்தை அவரிடம் படிக்கவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அவரை மட்டும் அப்படி நினைத்துக்கொண்டிருக்காதே.

வெண்மதி


நல்லம்மன்திட்டு,
26.2.2006

அக்காவுக்கு,

மாமா கஞ்சி குடித்தாரா? முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கிறாயா?

வீட்டில் இருந்த இரண்டு நாளும் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. பேச வரவில்லை. நீ யார்டுக்குப் போயிருந்த நேரத்தில் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரையும் மறைக்கவில்லை. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வாயைக் கோணிக் கோணி, எச்சில் வழிய, ஒரே ஒரு சொல் சொன்னார். மூன்றாவது தடவைதான் எனக்குப் புரிந்தது. "இடி."

அதன் பிறகு எனக்குத் தயக்கமில்லை. டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழாவுக்கு ஆட்களை அழைத்தாகிவிட்டது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஆனால் மறுநாள் அவரே ஊரைக் கூட்டினார். மணல் எங்கள் யார்டிலிருந்து வந்தது, உப்பு என்று தெரிந்தே வந்தது, ஏழு தளத்தையும் இடிக்க வேண்டும் என்று எழுந்து நின்று சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கை ஓங்கவில்லை. "சொல்லாம இருந்திருக்கலாமே தம்பி, நாங்க நிம்மதியா குடிபோயிருப்பமே" என்று ஒரு பெரியவர் கேட்டார். அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம். எங்கள் குழுவில் ஆறு பேர் அன்று மாலையே பஸ் ஏறிவிட்டார்கள்.

தங்கம்மாள் அக்கா என்னோடு பேசுவதில்லை. புது வீட்டில் முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருந்த சாமான்களைத் திரும்பக் கொட்டகைக்கே தூக்கிப்போனார். தூக்கப் போனேன், பாத்திரத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

யார்டையும் மாமாவையும் இனி நான் பார்த்துக்கொள்கிறேன். அவரைத் தூக்கி உட்கார வைக்க ஆம்பிளை ஆள் வேண்டும். எனக்குப் பதிலாக நீ இங்கே வருகிறேன் என்று சொன்னாயே, டீச்சர் சம்மதித்துவிட்டார். அவரைத் தவிர நீ யாரென்று இங்கே யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் செய்த தவறு என்றுதான் சொன்னேன். அது நீ என்பதை நீயே சொல்ல வேண்டும்.

செம்பியன்


நல்லம்மன்திட்டு,
20.3.2006

தம்பிக்கு,

அவர் எப்படி இருக்கிறார்? சுளுக்குத் தைலம் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. லேசாகச் சூடு பண்ணித் தேய்த்துவிடு.

எனக்குக் கை கொப்புளித்து உடைந்து இப்போது தோல் தடித்துவிட்டது. இரண்டு தளம் இடித்துவிட்டோம். சம்மட்டி அடிக்கும்போது ஊர்ப் பெண்கள் தூரத்தில் நின்று பார்க்கிறார்கள். சாவு வீட்டில் நிற்பதுபோல் நிற்கிறார்கள். முந்தாநாள் ஒன்பதாம் எண் வீடு. கம்பியை வெளியே இழுத்தபோது அதற்குள் துரு ஏறியிருந்தது. மூன்றே மாதத்தில், தம்பி. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தங்கம்மாள் என்னோடுதான் வேலை செய்கிறாள். நான் கடலூரிலிருந்து வந்த ஒரு பெண், அவ்வளவுதான். தன் தட்டிலிருந்து மீன் எடுத்து எனக்கு வைத்தாள். அன்றைக்கு அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் நின்றுகொண்டு, மண்ணை வாரி எறிந்து சொன்னாள்: "இத அனுப்புனவனுக்குக் கை வெளங்காமப் போவணும்."

நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். தினமும் காலையில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுகிறேன்.

அக்கா


செம்மண்டலம்,
29.3.2006

அக்காவுக்கு,

இங்கே நலம். மாமா நேற்று என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் கேட் வரை நடந்தார். வலது கைவிரலில் இரண்டு அசைகிறது. உன்னைக் கேட்கிறார். "மதி" என்று வருகிறது, தெளிவாக.

உன் கடிதத்தை அவருக்குப் படித்தேன், அந்த ஒரு வரியைத் தவிர. அதை என்னால் படிக்க முடியவில்லை.

சொல்லிவிடு, அக்கா. நான் நல்லவன் என்று எழுதவில்லை. மாமாவைப் பற்றி நான் எழுதிய கடிதம் இங்கே உன் பெட்டியில்தான் இருக்கிறது, எடுத்துப் பார்க்கவே கூசுகிறது. அந்தச் சாபம் மாமாவுக்கு உரியது இல்லை என்று தங்கம்மாள் அக்காவிடம் சொல்ல உன் ஒருத்தியால்தான் முடியும்.

ஆற்று மணல் நான்கு லோடு வருகிறது. நானே துறையில் நின்று அள்ளினேன்.

செம்பியன்


நல்லம்மன்திட்டு,
16.4.2006

அன்புத் தம்பிக்கு,

அவர் விரலைப் பற்றி எழுதியிருந்ததை நான்கு தடவை படித்தேன். சித்திரைப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி செய்து கொடுத்தாயா?

சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை, நானும் தங்கம்மாளும் மணல் சலித்துக்கொண்டிருந்தோம். சல்லடையை வைத்துவிட்டு, உப்பு மணல் அனுப்பியது நான்தான் என்றேன். அவள் சலிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"உங்க லாரி நெத்தியில பெருசா 'வெண்மதி'ன்னு எழுதியிருக்கு. நீ வந்த அன்னைக்கே டீச்சரு ஒன்ன பேர் சொல்லிக் கூப்ட்டாங்க. அஞ்சாவது வரைக்கும் படிச்சவதான் நான்."

அப்படியென்றால் அந்தச் சாபம் என்று கேட்டேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் விட்டாளாம். அப்போது மாமாவின் கையைப் பற்றிச் சொன்னேன். தீபாவளிக்கு முன்பே விழுந்தது, பேச்சில்லை, எல்லாவற்றையும். நீ அவளிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. சல்லடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து கரைப் பக்கம் போனாள். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. நான் ஊரைக் கூட்டச் சொல்லி எல்லாரிடமும் சொன்னேன். சிலர் எழுந்து போனார்கள். ஒரு பெண், இனி நான் தொட்ட கலவை தன் வீட்டுக்கு வேண்டாம் என்றாள். சரி என்றேன். அவள் வீட்டுக்கு மட்டும் நான் போவதில்லை.

மூன்றாம் நாள் ஒன்பதாம் எண் வீட்டுக்குத் தளம் போட்டோம். காலையில் எல்லாருக்கும் முன்னால் தங்கம்மாள் வந்து நின்றாள். இறுக்கிக் கட்டிய முந்தானை, கையில் சட்டி. நான் நிரப்பிக் கொடுத்தேன், அவள் வாங்கி ஏற்றினாள். கடைசிச் சட்டி ஏறியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தாள கடலு கொண்டுபோனப்ப யாரப் போயி கேக்கறது? கரையில நின்னு கத்திப் பாத்தேன். அது பாட்டுக்கு அலை அடிச்சிக்கிட்டுருந்துச்சி. ஒன்னையத்தான் கேக்க முடிஞ்சிது. நீதான் வந்து பதில் சொன்ன."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, தம்பி. நானும் கேட்கவில்லை. பிறகு, மாமாவுக்கு எந்தக் கை என்று கேட்டாள். வலது கை என்றேன். சுறா மீன் போட்டுக் காரமில்லாமல் குழம்பு வைத்துக் கொடுக்கலாமா, வைத்தியர் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டாள். கேட்டு எழுது.

இன்னும் நான்கு வீடு பாக்கி. ஐப்பசி மழைக்குள் முடித்துவிட்டு வருகிறேன். அவரிடம் நீயே சொல், கோபித்துக்கொள்ள மாட்டார். இப்போது தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். அமிர்தம் ஏணியில் ஏறி வற்றிவிட்டதா என்று பார்த்துப் பார்த்து வந்து என்னிடம் சொல்கிறாள். போய் ஊற்ற வேண்டும்.

அக்கா வெண்மதி